அண்ணை புதுக் கட்சிக்குப் போட்ட வியாழக்கிழமை

வியாழன் பிற்பகல் எனக்கு ஓய்வு. பலெர்மோவின் லிபெர்த்தா வீதியில் நான் சிஞோரா என்று கூப்பிட்டுப் பார்த்துக்கொள்ளும் வயதான அம்மாவுக்கு மதியச் சாப்பாடும் மருந்தும் கொடுத்து, அவருடைய மகள் வந்ததும் அல்பெர்கேரியாப் பகுதியில் இருக்கும் என் அறைக்கு நடந்தே வந்துவிடுவேன். இங்கிலாந்தில் இருக்கும் அண்ணையோடு கதைப்பது அன்றைக்குத்தான். எங்கள் வீட்டில் மிஞ்சியவர்கள் நாங்கள் இருவர். போன வருடம் அண்ணி இறந்தபிறகு அவரும் தனி. நான் முன்பிருந்தே தனி.

இங்கிலாந்தில் தேர்தலும் வியாழக்கிழமைதான் வைப்பார்கள். வாக்குப் போட்டுவிட்டு வீட்டுக்கு நடந்துகொண்டே அண்ணை எனக்குத் தொலைபேசி எடுப்பார். நான் வாழ்க்கையில் ஒருமுறையும் வாக்குப் போட்டதில்லை. ஊரில் இருந்த காலத்தில் தேர்தல் நாள் என்றால் கதவைப் பூட்டிக்கொண்டு உள்ளே இருப்போம். இங்கே இத்தனை வருடமும் பெர்மெஸ்ஸோ என்கிற வதிவிட அனுமதியைப் புதுப்பித்துப் புதுப்பித்து இருக்கிறேனே தவிர, வாக்கில்லை. இங்கே தேர்தல் நாளில் சிஞோராவைச் சக்கர நாற்காலியில் வைத்து வாக்குச்சாவடிப் பள்ளிக்கூடம் வரை தள்ளிக்கொண்டுபோய், அவர் போட்டுவிட்டு வரும்வரை வெளியே நிற்பேன். அதனால் அண்ணை போடும் வாக்கில் எனக்கும் பங்கிருப்பதாக ஒரு நினைப்பு.

அவர் எப்போதும் ஒரே கட்சிக்குத்தான் போட்டார். அகதியாகப் போய்த் தடுப்பு முகாமில் கிடந்தபோது, அந்தக் கட்சியைச் சேர்ந்த ஒரு வெள்ளைக்காரப் பெண் அவருக்காகக் கடிதம் கடிதமாக எழுதினாராம். குடியுரிமை கிடைத்தபின் அண்ணை மழைக்குள் வீடு வீடாகப் போய் அவர்களுடைய துண்டுப்பிரசுரம் கொடுத்தார். எங்கடை கட்சி என்பார். பலெர்மோவில் இருந்துகொண்டு நானும் அப்படியே சொல்லப் பழகிவிட்டேன்.

இந்த மே மாதம் அவர் எடுத்தபோது என் அறைக்குக் கீழே பல்லரோச் சந்தையில் வெண்டிக்காய் தெரிந்தெடுத்துக்கொண்டு நின்றேன். வழக்கம்போலக் கேட்டேன்.

"எங்கடை கட்சிக்குப் போட்டாச்சோ?"

"இல்லைப் பிள்ளை. இந்தமுறை புதுக் கட்சிக்குப் போட்டனான்."

அந்தக் கட்சியைச் சிஞோராவின் தொலைக்காட்சியில் பார்த்திருக்கிறேன். படகில் வருகிறவர்களைத் திருப்பி அனுப்பு என்கிறவர்கள். பகிடி விடுகிறார் என்றுதான் முதலில் நினைத்தேன். வெண்டிக்காயை வைத்துவிட்டு ஒதுக்குப்புறமாகப் போய் நின்றேன். அவர் ஒவ்வொன்றாகச் சொன்னார். அண்ணி விழுந்த அன்று ஆம்புலன்ஸ் வரப் பல மணிநேரம் ஆனது. அதைப் பற்றி எங்கடை கட்சிக்காரருக்கு மூன்று கடிதம் எழுதியும் பதில் இல்லை. மற்றப் பெரிய கட்சியும் ஆண்டு பார்த்ததுதானே என்றார். புதுக் கட்சி ஆள் வாக்குக் கேட்டு வந்தவர், உள்ளே வந்து இருந்து, தேத்தண்ணி குடித்து, ஒரு மணித்தியாலம் கேட்டுக்கொண்டிருந்தாராம்.

"அவளைப் பற்றி என்னட்டைக் கேட்ட முதல் ஆள் அந்த மனிசன்தான்."

அது என்னைத் தைத்தது. கேட்டால் அவருக்கு நோகும் என்று நான் கேட்காமலே விட்டிருந்தேன். அந்தக் குத்தலோடு வாயில் வந்ததைச் சொல்லிவிட்டேன்.

"நீங்களும் லொறிக்குள்ளை ஒளிச்சுத்தானே அண்ணை போனனீங்கள்?"

பிறகு, "சரி, வைக்கிறன்" என்றார்.

அடுத்த இரண்டு வியாழனும் அவர் எடுக்கவில்லை. புதுக் கட்சி பல இடங்களில் வென்ற செய்தி தொலைக்காட்சியில் போனது. உன் அண்ணன் அங்கேதானே இருக்கிறார், யாருக்குப் போட்டார் என்று சிஞோரா கேட்டார். தெரியாது என்று சொல்லிவிட்டு, குசினிக்குள் போய் இல்லாத வேலை ஒன்றைத் தேடினேன்.

மூன்றாம் வியாழன் நானே எடுத்தேன். தேர்தலைப் பற்றிக் கதைக்கவில்லை. "அண்ணி விழுந்த அண்டைக்கு என்ன நடந்தது? எனக்கு நீங்கள் முழுக்கச் சொல்லேல்லை" என்றேன். அண்ணை சொன்னார். குசினி நிலத்தில் கிடந்த அண்ணியின் தலைக்குத் தலையணை வைத்ததை, சோறு அடிப்பிடிக்கப்போகுது, அடுப்பை நிப்பாட்டுங்கோ என்று அவ சொன்னதை, பக்கத்தில் சப்பாணி கட்டி இருந்துகொண்டு தான் வாசலையே பார்த்ததை. நான் கட்டில் விளிம்பில் இருந்து கேட்டேன். அவர் அழுது முடித்தபின்தான் சொன்னேன்.

"நீங்கள் அவைக்குப் போட்டது எனக்குப் பிடிக்கேல்லை, அண்ணை."

"தெரியும்," என்றார்.

இப்போது சில வியாழன் எடுக்கிறார், சில வியாழன் இல்லை. எடுக்காத நாட்களில் சமைத்துச் சாப்பிட்டுவிட்டு, கீழே சந்தைக்காரர் கடை கட்டும் சத்தத்தைக் கேட்டுக்கொண்டு படுத்திருப்பேன். அவர் வாக்குப் போட்ட ஆள், வீட்டுக்கு வந்து தேத்தண்ணி குடித்தவர், வென்றுவிட்டாராம். பிறகு உங்களைப் பார்க்க வந்தவரோ என்று ஒருநாள் கேட்டேன்.

"இல்லை. அலுவல் கூடவாக்கும்," என்றார் அண்ணை. பிறகு அங்கே குளிர் எப்படி என்று நானும், இங்கே வெயில் எப்படி என்று அவரும் கேட்டுக்கொண்டோம்.