எதிரே வரக்கூடாதவள்

எங்கள் வீட்டில் யாராவது நல்ல காரியத்துக்குக் கிளம்பினால் அம்மா என்னைப் பார்த்து, "சித்த உள்ளே போய்ப் பால் பொங்கறதா பாரு" என்பாள். அடுப்பில் பால் இருக்காது. எனக்கும் தெரியும், அவளுக்கும் தெரியும். நான் எழுந்து போய்ச் சமையலறைச் சுவரைப் பார்த்துக்கொண்டு நிற்பேன். வாசலில் செருப்புச் சத்தம் ஓய்ந்த பிறகு வெளியே வருவேன்.

பதினான்கு வயதில் எனக்குக் கல்யாணம் ஆனது. புருஷன் வீட்டுக்குப் போவதற்கு முன்பே அவர் டைபாய்டில் இறந்துபோனார். அவர் முகம்கூட எனக்குச் சரியாக ஞாபகமில்லை. ஆனால் எங்கள் தெருவில் அன்றுமுதல் நான் எதிரே வரக்கூடாதவள் ஆகிவிட்டேன். மைசூரில் ஒரு சர்க்கார் ஆபீஸில் குமாஸ்தாவாக இருந்த அப்பா, சில வருஷம் இதைப் பார்த்துப் பார்த்து, ஒரு நாள் யாரிடமும் கேட்காமல் என்னைக் கொண்டுபோய் நர்ஸ் பயிற்சியில் சேர்த்தார். அதன்பின் உறவுக்காரர்கள் சிலர் எங்கள் வீட்டில் தண்ணீர் குடிப்பதையே நிறுத்திவிட்டார்கள். சுதந்திரம் வந்து கொஞ்ச காலம்தான் ஆகியிருந்தது.

ஆஸ்பத்திரியில் எனக்குப் பிடித்தது அந்த வெள்ளை உடுப்பு. வளையல் கூடாது, பூ கூடாது, பொட்டுகூட வேண்டாம் என்று மேட்ரன் சொல்லிவிட்டார். மற்ற பெண்கள் முணுமுணுத்தார்கள். எனக்கு அது பெரிய விடுதலையாக இருந்தது. கல்யாணமானவள், ஆகாதவள், என்னைப் போன்றவள் எல்லோரும் ஒரே மாதிரி இருந்தோம். நோயாளிகள் என்னைக் கன்னிப்பெண் என்றே நினைத்தார்கள். கேட்டால் பொய் சொல்லக் கூடாது என்று வைத்திருந்தேன். ஆனால் யாராவது கேட்டுவிடப் போகிறார்களே என்று தினமும் பயம் இருந்தது.

ஏனென்றால் பிரசவ வார்டில் சகுனம் பார்க்காதவர்களே கிடையாது. பல்லி சத்தம் போட்டால் கன்னடக்காரப் பாட்டிமார்கள் தரையைத் தட்டி "கிருஷ்ண கிருஷ்ண" என்பார்கள். மண்டி மொஹல்லாவிலிருந்து வரும் முஸ்லிம் பெண்களின் தலையணைக்கு அடியில், கெட்டது எதுவும் அண்டாமலிருக்க, சின்னக் கத்தி இருக்கும். படுக்கை தட்டும்போது அது கீழே விழும். நாங்கள் ஒன்றும் சொல்லாமல் திரும்ப வைத்துவிடுவோம். லேடி டாக்டர் வலது காலை வைக்காமல் ஆபரேஷன் தியேட்டருக்குள் நுழையமாட்டார். அவசரத்தில் இடது கால் போய்விட்டால் வெளியே வந்து மறுபடி நுழைவார்.

இவர்கள் எல்லோரையும்விட அதிகமாகச் சகுனம் பார்த்தவர் எங்கள் வார்டு சிஸ்டர். ஆங்கிலோ-இந்தியப் பெண்மணி. கோலார் தங்கவயலில் பிறந்து வளர்ந்ததால் தமிழ் நன்றாகப் பேசுவார். சிவப்புப் பூவையும் வெள்ளைப் பூவையும் ஒரே ஜாடியில் வைத்தால் வார்டில் ஒரு சாவு விழும் என்பது அவர் நம்பிக்கை. யாராவது புருஷன் ஆசையாக ரோஜாவும் மல்லிகையும் சேர்த்து வாங்கி வந்தால், பிடுங்கி இரண்டு ஜாடியில் பிரித்து, ஒன்றை வார்டின் இந்தக் கோடியிலும் மற்றதை அந்தக் கோடியிலும் வைப்பார். புதுசாக வந்தவர்கள் சிரித்தால், "சிரி, சிரி. உன் டியூட்டியில ஆளு போகும்போது என்கிட்ட அழுதுட்டு வராதே" என்பார்.

தசராவுக்கு முன்னால் ஆஸ்பத்திரி முழுவதும் சுண்ணாம்பு அடித்துக்கொண்டிருந்தார்கள். அப்போதுதான் ராமாபுரத்திலிருந்து அந்தப் பெண்ணைக் கொண்டுவந்தார்கள். கொள்ளேகாலம் பக்கமெல்லாம் அப்போது சென்னை மாகாணம்தான். ஆனாலும் ஆபத்து என்றால் அவர்களுக்கு மைசூர்தான் கிட்டம். தலைப்பிரசவம். வீட்டிலேயே வெகுநேரம் வலியில் கிடந்து, ஒன்றும் நடக்காமல், ஒரு வேனில் போட்டு எடுத்துவந்திருந்தார்கள். புருஷன் வெளியே மரத்தடியில் உட்கார்ந்துவிட்டான். மாமியார்க்காரிதான் கூட இருந்தாள். காதில் தண்டட்டி, கையில் ஒரு துணி மூட்டை. அவளுக்குக் கன்னடம் அரைகுறை. நான் தமிழில் பேசியதும் என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"அம்மிணி, நீ எங்க பாசை பேசறயே! என்ற மருமவளக் காப்பாத்திக் குடு சாமி. நீயே கூட இரு. வேற ஆரையும் உடாதே."

டாக்டர் பார்த்தார். வயிற்றைக் கிழித்துத்தான் எடுக்க வேண்டும், உடனே எடுக்க வேண்டும் என்றார். குழந்தையின் நாடித் துடிப்பு விட்டுவிட்டுக் கேட்டது.

ஸ்ட்ரெச்சர் வண்டியை நானும் ஒரு ஆயாவும் தள்ளிக்கொண்டு ஓடினோம். வார்டு சிஸ்டர் முன்னால் போனார். தியேட்டர் கதவுக்கு நேர் மேலே ஏணியைச் சாத்திவைத்து ஒருவன் சுண்ணாம்பு அடித்துக்கொண்டிருந்தான். வண்டி அதற்கு அடியில்தான் நுழைய வேண்டும். தாராளமாக நுழையலாம். ஆனால் சிஸ்டர் இரண்டு கையையும் விரித்து வண்டியை நிறுத்திவிட்டார்.

"நில்லு! ஏணிக்குக் கீழ ஒருத்தரும் போகக் கூடாது. ஏ அப்பா, கெளகெ இளியப்பா!"

அவன் வாளியோடு மெதுவாக இறங்க ஆரம்பித்தான். உள்ளேயிருந்து டாக்டர், "என்ன தாமதம் அங்கே?" என்று கத்தினார். வண்டியில் கிடந்தவள் பல்லைக் கடித்துக்கொண்டு முனகினாள். அந்த நேரத்தில்தான் மாமியார் என் முகவாயைப் பிடித்துத் திருப்பினாள்.

"நின்னதும் நல்லதுக்குத்தான் அம்மிணி. முன்னால வந்து நில்லு. கன்னிப் பொண்ணு மொகத்தப் பாத்துப்போட்டு உள்ள போகட்டும்."

நான் ஒரு அடி பின்வாங்கினேன். "நான் வேண்டாம்மா. நீங்களே நில்லுங்கோ. இல்லேன்னா சிஸ்டர் இருக்கா..."

"நானே தாலியறுத்தவ. அந்த வெள்ளைக்காரம்மா மொகத்தப் பாத்து என்ன ஆவறது? நீ வா."

அப்போதுதான் அவள் கழுத்தைப் பார்த்தேன். வெறும் கழுத்து. அவளும் ஒதுங்கி நிற்க வேண்டியவள்தான். அதனால்தான் என்னை இழுக்கிறாள். சொல்லிவிடலாம் என்று வாயைத் திறந்தேன். வண்டியில் இருந்தவள் தலையைத் தூக்கி என்னைப் பார்த்தாள். என்னைவிடச் சின்னவள். கண் முழுக்க பயம். "அக்கா" என்றாள். அவ்வளவுதான். ஏணி நகர்ந்தது. வண்டியை உள்ளே தள்ளிவிட்டோம்.

குழந்தையை வாங்கிக்கொள்ள என்னை நிற்கச் சொன்னார்கள். நீலம் பாரித்த ஒரு பெண் குழந்தை என் கையில் வந்து விழுந்தது. அழவில்லை. மூக்கையும் வாயையும் துடைத்து, குழாய் வைத்துச் சளியை உறிஞ்சி எடுத்தேன். காலைப் பிடித்துத் தலைகீழாகத் தூக்கித் தட்டினேன். முதுகைத் தேய்த்தேன். ஒன்றுமில்லை. பயிற்சியில் சொல்லித்தந்ததெல்லாம் கை தானாகச் செய்தது. மனசுக்குள் ஒரே ஒரு வரிதான் ஓடியது: உன்னைப் பார்த்துவிட்டுத்தானே வந்தாள். சிஸ்டர் பக்கத்தில் வந்து, "ஊது பொண்ணு, ஊது" என்றார். குழந்தையின் வாயில் வாய் வைத்து மெல்ல ஊதினேன். கொஞ்ச நேரத்துக்குப் பிறகு அது பூனைக்குட்டி மாதிரி ஒரு சத்தம் போட்டது. பிறகு வீறிட்டு அழுதது.

ஆனால் என் பயம் அத்தோடு போகவில்லை. தாய்க்கு நிறைய ரத்தம் போயிருந்தது. மூன்றாம் நாள் காய்ச்சல் கண்டது. பெனிசிலின் போட்டும் இறங்கவில்லை. ஊசி போடப் போகும்போதெல்லாம் அவள் நெற்றியைத் தொடுவேன். சுடும். மாமியாரோ என்னைக் கண்டதும் முகம் மலர்ந்து, "உன்ற மொகராசி, எல்லாஞ் சரியாப் போயிரும்" என்பாள். அந்த வார்த்தை என்னைக் குத்தியது. ஹாஸ்டலில் சோறு இறங்கவில்லை. அந்தப் பெண் செத்துப்போனால் காரணம் தையலில் சேர்ந்த சீழ் என்று என் படிப்பு சொல்லும். அதை நான் நம்பமாட்டேன் என்றும் எனக்குத் தெரிந்திருந்தது.

கடைசியில் சிஸ்டரிடம் போய், என்னை வேறு வார்டுக்கு மாற்றுங்கள் என்று கேட்டேன். ஏன் என்றார். சொன்னேன். பேண்டேஜ் சுற்றிக்கொண்டே முழுவதும் கேட்டார்.

"எங்கப்பா மைன்ல வேலை பாத்தார். அங்கே சுரங்கத்துல இறங்கற இங்கிலீஷ்காரங்க இருந்தாங்க. ஷிப்டுக்குப் போறப்போ வழியில பொம்பளை எதிர்ல வந்தா, அப்படியே திரும்பி வீட்டுக்குப் போயிடுவாங்க. எந்தப் பொம்பளையும்தான். கல்யாணம் ஆனவ, ஆகாதவ எல்லாம் ஒண்ணு. ஷிப்டு சங்கு ஊதினா எங்கம்மா எங்களை உள்ள இழுத்துக் கதவைச் சாத்திடுவா. ஒருநாள் நான் பால் வாங்கப் போயிட்டேன். எதிர்ல மூணு பேர் வந்தாங்க. என்னைப் பாத்துத் துப்பிட்டுத் திரும்பிட்டாங்க. எனக்கு ஒம்பது வயசு."

"அன்னிக்கு மைன்ல ஏதாவது ஆச்சா சிஸ்டர்?"

"ஒண்ணும் ஆகலை. ஆனா ராத்திரி அப்பா வர்ற வரைக்கும் நான் வாசல்ல அழுதுட்டே நின்னேன்." பேண்டேஜை ட்ரேயில் வைத்தார். "மாத்தமாட்டேன். எனக்கு ஆள் கிடையாது. போய் ஊசியைப் போடு."

இதெல்லாம் சொன்னவர் ஏணிக்கு அடியில் மட்டும் போகமாட்டார். அதைக் கேட்க எனக்குத் தைரியம் வரவில்லை.

அன்று மத்தியானம் மாமியார் வராந்தாவில் உட்கார்ந்து வெற்றிலை போட்டுக்கொண்டிருந்தாள். "ஊட்டுல மாப்பிள பாக்கறாங்களா அம்மிணி?" என்று சிரித்துக்கொண்டே கேட்டாள். கேட்டால் பொய் சொல்லக் கூடாது என்று வைத்திருந்தேனே. சொல்லிவிட்டேன்.

அவள் மெல்வதை நிறுத்தினாள். என்னைத் திட்டவில்லை. என் கைமேல் இருந்த அவள் கையை மட்டும் எடுத்துக்கொண்டாள். "அட பாவமே" என்றாள், எனக்கா தனக்கா தெரியவில்லை. மறுநாள் காலையில் ஊசிக்குப் போனபோது கட்டிலுக்கு முன்னால் வந்து நின்றாள். "வேற ஆராச்சும் வரட்டுங்க" என்றாள். முதல்தடவையாக எனக்கு மரியாதை வைத்துப் பேசினாள். கன்னடக்கார நர்ஸ் ஒருத்தி போய் ஊசி போட்டாள்.

அதற்கடுத்த நாள் காய்ச்சல் இறங்கிவிட்டது.

மருந்து வேலை செய்ய அத்தனை நாள் ஆகும், எனக்குத் தெரியும். இருந்தாலும் அந்தச் செய்தியைக் கேட்டபோது சந்தோஷமும் அவமானமும் சேர்ந்து வந்தன. வெகுநேரம் குழாயடியில் பாட்டில்களைக் கழுவிக்கொண்டே இருந்தேன்.

அவர்கள் ஊருக்குக் கிளம்பிய நாளில் நான் துணி அறைக்குள் போய்ப் போர்வைகளை மடித்துக்கொண்டிருந்தேன். யாரும் போகச் சொல்லவில்லை. வாசலில் ஜட்கா வந்து நின்ற சத்தம் கேட்டது. ஆனால் அது கிளம்பும் சத்தம் மட்டும் வரவில்லை. கொஞ்ச நேரத்தில் கதவைத் தள்ளிக்கொண்டு மாமியார் வந்தாள். முகம் கடுகடு என்றிருந்தது.

"வா அம்மிணி. அவ வண்டியேற மாட்டேங்கறா. உன்னப் பாக்காம வரமாட்டாளாம். கொள்ளேகாலம் பஸ்ஸு போயிரும்."

"நான் வந்தா உங்களுக்கு..."

"எனக்குப் புடிக்கலதான். அதுக்கு என்ன பண்ணச் சொல்ற? பஸ்ஸு போயிருச்சுன்னா ராத்திரி எங்க தங்கறது? வா வெரசா."

போனேன். அந்தப் பெண் ஜட்காவின் படியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். இன்னும் நிமிர முடியவில்லை. என்னைப் பார்த்ததும் குழந்தையை நீட்டினாள்.

"அத்தை உங்களப் பத்திச் சொன்னாங்கக்கா. என்ற புள்ளைக்கு மூச்சு குடுத்தது நீங்கதானே? எனக்கு வேற ஒண்ணும் தெரியாது."

வாங்கிக்கொண்டேன். மாமியார் எங்களைப் பார்க்காமல் குதிரையைப் பார்த்துக்கொண்டு நின்றாள். குழந்தையைத் திரும்பக் கொடுத்தேன். வண்டிக்கு எதிரே நிற்பதா, ஓரமாக ஒதுங்குவதா என்று தெரியாமல் தவித்தேன். அதற்குள் ஜட்காக்காரன் "சரியம்மா, சரி!" என்று என்னைக் கன்னடத்தில் விலகச் சொல்லிவிட்டு ஓட்டிக்கொண்டு போய்விட்டான்.

அவர்கள் பத்திரமாகப் போய்ச் சேர்ந்தார்களா என்று யாரைக் கேட்பது? பஸ் விபத்து என்று பேப்பரில் பார்த்தால் ஊர்ப் பெயரைத் தேடுவேன். பல மாதம் அப்படி இருந்தேன்.

அடுத்த வருஷம் கௌதள்ளியிலிருந்து ஒரு பெண் பிரசவத்துக்கு வந்தாள். பேச்சுவாக்கில் ராமாபுரத்தில் சொந்தம் இருக்கிறது என்றாள். நான் விசாரித்தேன். அவள் சிரிக்க ஆரம்பித்துவிட்டாள்.

"அவங்களா? அன்னிக்குப் போற வழியில பஸ்ஸு டயரு வெடிச்சுப்போச்சுங்க. மாமியா எறங்கி நின்னு, நான் அப்பவே சொன்னேன்னு ஒரே சத்தம். மருமவ திருப்பிக் கேட்டாளாம், பஸ்ஸுல இத்தன பேரு இருக்காங்களே, எல்லாருமா அந்தக்கா மொகத்துல முழிச்சாங்கன்னு."

"குழந்தை?"

"அதுக்கென்னங்க, வீட்ல ஒரு சாமான வெக்க உடறதில்ல. கிழவி அது பின்னாலயே ஓடிட்டுக் கெடக்கறா."

நான் திரும்பி நின்று ஜன்னல் கதவைச் சரிசெய்வதுபோல முகத்தை மறைத்துக்கொண்டேன். பிறகு அவளுக்கு நாடி பார்த்தேன். நன்றாக இருந்தது. இரண்டாம் தடவையும் பார்த்தேன்.