கை தூக்காத ஆறாம் தெரு

தண்ணீர் திறந்துவிடுகிறவருக்கு ஊரில் பெயர் 'சாவி'. பெற்றவர்கள் வைத்த பெயர் ஒன்று உண்டு. அது சம்பளம் வாங்கும்போது மட்டும் வெளியே வரும். இடுப்பு உயர இரும்புச் சாவியைத் தோளில் போட்டுக்கொண்டு போய், தெருமுனைக் குழிக்குள் இறக்கி, வால்வைத் திருகுவார். விவரம் தெரிந்த நாளிலிருந்து அதுதான் வேலை.

முன்பெல்லாம் அவர் குடிநீர் இலாகாவின் ஆள். தண்ணீர் வரவில்லை என்று யாராவது மறித்தால், "மேல கேளுங்க" என்று சொல்லிவிட்டு நடையைக் கட்டுவார். அந்த மேல் எங்கோ தலைநகரத்தில் இருந்தது. பஸ் ஏறிப் போய்த் திட்ட யாருக்கும் பொழுதில்லை. நிம்மதியான காலம்.

அப்புறம் வெளிநாட்டு உதவித் திட்டம் வந்தது. அதிகாரம் இனித் தலைநகரத்தில் குந்திக்கொண்டிருக்காது, ஊருக்கே வந்துவிடும் என்றார்கள். வந்தது. நகரசபைக்குப் புது மேஜை, புது கம்ப்யூட்டர், தெருவுக்கொரு குழு, குழுவுக்கொரு பெண் தலைவர். சாவியையும் இலாகா தூக்கி நகரசபையிடம் கொடுத்துவிட்டது. தண்ணீர் மட்டும் பழைய அளவுதான். ஆறு தெருவும் தனித்தனியாகக் கூடிப் பேசி, தங்களுக்கு விடியற்காலையில்தான் வேண்டும் என்று முடிவெடுத்தன. குழாயில் ஒரு நேரத்துக்கு ஒரு தெருவுக்குத்தான் தண்ணீர் ஏறும். மேலே கேளுங்கள் என்று சொல்ல இப்போது மேலே யாரும் இல்லை.

மூன்றாம் தெருவில் மறித்ததில் சாவியின் சட்டை கிழிந்தது. டீக்கடையில் போய் நின்றால், "வாங்க மகாராஜா, உங்க வீட்டுத் தொட்டி நிறைஞ்சிருச்சா?" என்பான் கடைக்காரன். அவர் வீடு ஆறாம் தெருவில். அந்தப் பழிக்குப் பயந்தே ஆறாம் தெருவுக்குக் கடைசியில்தான் திறப்பார். எரிச்சலடைந்த அந்தத் தெருப் பெண்கள், அவரை மிரட்டக்கூடிய ஒரே ஆள் என்று அவர் மனைவியையே குழுத் தலைவியாக்கிவிட்டார்கள்.

அந்த நேரத்தில்தான் ஊருக்கு வெளியே, தண்ணீர் சுத்தம் செய்கிற நிலையத்தில் ஒரு வேலை காலியானது. இலாகா வேலை. ஒரு நாற்காலி, சுவரில் நாலு மீட்டர். மீட்டர் வாயைத் திறந்து திட்டாது. சாவிக்கு அந்த நாற்காலி கனவிலும் வந்தது.

இலாகாவில் இருந்த அவருடைய பழைய அதிகாரி, "வாய்யா, எடுத்துக்கறேன். ஆனா இந்த மாசத்துக்குள்ள நகரசபை உன்னை விடுவிக்கணும்," என்றார்.

நகரசபைத் தலைவர், "எனக்கென்ன, நான் விட்டுடுவேன். ஆனா திட்டத்து விதிப்படி ஆறு தெருக்குழுவும் சம்மதிக்கணும். ஒண்ணு குறைஞ்சாலும் நடக்காது," என்றார்.

சாவி தெருத்தெருவாக நடந்தார். ஐந்து தெருவும் சந்தோஷமாகத் தலையாட்டின. "தாராளமாப் போங்கண்ணே. நீங்க போனாத்தான் எங்களுக்கு விடியும்," என்றாள் மூன்றாம் தெருத் தலைவி.

ஆறாவதைப் பற்றி அவர் கவலைப்படவே இல்லை. சாப்பிட உட்கார்ந்தபோது போகிறபோக்கில் சொன்னார்.

"நாளைக்குக் கூட்டத்துல கையைத் தூக்கிடு."

"தெருவுல கேக்கணும்," என்றாள் மனைவி.

"என்னத்தைக் கேக்கறது? நான் உன் புருஷன்."

"அதெல்லாம் இந்த வாசப்படிக்கு உள்ள. திட்டத்துக்காரங்க வெச்ச பயிற்சியில என்ன சொன்னாங்க? உன் வாயில தெருவோட பேச்சுதான் வரணும், வீட்டுப் பேச்சு வரக்கூடாதுன்னு சொன்னாங்க. சத்தியமே வாங்கிட்டாங்க."

"கிழிஞ்ச சட்டையைத் தைச்சவ நீதானே?"

அவள் கரண்டியைக் கீழே வைத்தாள். "எனக்கும் நீங்க போயிடணும்னுதாங்க இருக்கு."

அவர் பாதிச் சோற்றோடு எழுந்து கையைக் கழுவினார், அவள் தெருப் பெண்களைக் கேட்டுவரக் கிளம்பினாள்.

மறுநாள் நகரசபைக் கூடத்தில், திட்டத்து வெளிநாட்டு அம்மா பின்வரிசையில் உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் ஒரு பெண் அவர் காதோரம் மொழிபெயர்த்துக்கொண்டிருந்தாள். தலைவர் கேட்டதும் ஐந்து கைகள் எழுந்தன. ஆறாவது மடியிலேயே கிடந்தது.

"ஆறாம் தெரு சம்மதிக்கல," என்றாள் அவர் மனைவி, தரையைப் பார்த்துக்கொண்டு. "இவரு வீடு அங்க இருக்கு. கடைசியிலயாவது திறந்தே ஆகணும். அடுத்து வர்ற ஆள் எங்களைச் சுத்தமா மறந்துடுவாருன்னு சொல்றாங்க. என் அபிப்பிராயத்தை யாரும் கேக்கல."

"ஐயா, அவளுக்கு மனசுல..." என்று சாவி எழுந்தார்.

"உக்காருங்க," என்றார் தலைவர். "குழு பேசியாச்சு."

மொழிபெயர்ப்பு போய்ச் சேர்ந்ததும் வெளிநாட்டு அம்மா எழுந்து நின்று கைதட்டினார். கட்டின புருஷனுக்கு எதிராக ஒரு பெண் இப்படித் தெருவுக்காகப் பேசி அவர் எங்கும் பார்த்ததில்லையாம். இரண்டு பேரையும் சேர்த்து நிற்கவைத்துப் போட்டோ எடுத்தார்கள். சிரிக்கச் சொன்னார்கள். சிரித்தார்கள்.

வீட்டுக்கு நடக்கும்போது மனைவி கேட்டாள். "கோவமா?"

"யார் மேல படறது, நீயே சொல்லு."

அவள் நிஜமாகவே யோசித்தாள்.

தெருமுனையில் ஆறாம் தெருப் பெண்கள் கூடி நின்றார்கள். அவர்களில் ஒருத்தி முன்னால் வந்தாள். "அண்ணே, ஊரே உங்களை விரட்டப் பாத்துச்சு. நாங்கதான் விடல. இனிமே நம்ம தெருவுக்குத்தான் முதல்ல திறக்கணும்."

"மூணாம் தெருக்காரங்க என்னை உசிரோட விடமாட்டாங்கம்மா."

"அது உங்க பாடு. தலைவிகிட்ட சொல்லியாச்சு, கூட்டத்துல பேசுவா."

சாவி மனைவியைப் பார்த்தார். அவள் என்னவோ சொல்ல வாயெடுத்தாள். எந்தப் பக்கம் பேசுவதென்று புரியாமல் மூடிக்கொண்டு, குழு கூடி உட்காரப் பாய் எடுத்துவர வீட்டுக்குள் போனாள்.