தெருமுனை வரைக்கும் வாசம்

தாராபுரத்திலிருந்து வாழ்க்கைப்பட்டுத் திருப்பூர் வந்து இறங்கிய அன்றே எனக்கு மூக்கு எரிந்தது. வீட்டுக்குப் பின்னாலேயே என் வீட்டுக்காரரின் சலவைப் பட்டறை. பனியன் துணியை வெளுக்க ப்ளீச்சிங் பவுடரைக் கரைத்து, சிமெண்டுத் தொட்டிகளில் நிரப்பி வைத்திருப்பார்கள். நானோ அமராவதி ஆற்றுக் காற்றில் வளர்ந்தவள். கண்ணில் நீர் வழிய, மாலையும் கழுத்துமாக நின்றபடி, "எப்படிங்க இதுக்குள்ள இருக்கறீங்க?" என்று கேட்டுவிட்டேன். ஆரத்தி எடுத்தவர்களுக்குப் பின்னால் ஒதுங்கி நின்ற என் வீட்டுக்காரரின் அக்கா, "எதுக்குள்ள அம்மிணி?" என்றார். நக்கல் பண்ணுகிறார் என்று நினைத்தேன். முதல் நாளே மட்டம் தட்டப் பார்க்கிறார், இருக்கட்டும், பார்த்துக்கொள்ளலாம் என்று மனதுக்குள் கறுவிக்கொண்டேன்.

கணவரின் அக்காவை எங்கள் பக்கம் நங்கையா என்போம். சின்ன வயதிலேயே புருஷனைப் பறிகொடுத்துவிட்டுப் பிறந்த வீட்டுக்குத் திரும்பி வந்தவர். பெற்றவர்களும் அடுத்தடுத்துப் போய்விட, சின்னப் பையனாக இருந்த தம்பியை வளர்க்க யாரோ ஒருவருடைய பட்டறைத் தொட்டியில் இறங்கித் துணி மிதித்தவர். தம்பி வளர்ந்து சொந்தமாகப் பட்டறை போட்ட பிறகுதான் தொட்டியை விட்டு ஏறினார். ஏறியவர் நேராக அடுப்படிக்குள் போனார். நான் வந்தபோதும் அங்கேயேதான் இருந்தார். நான் வாசல் கூட்டலாம், துணி மடிக்கலாம், கடைக்குப் போகலாம். அடுப்புப் பக்கம் போனால், "நீ போயி உக்காரு அம்மிணி" என்று முதுகைத் தடவி அனுப்பிவிடுவார். தீப்பெட்டி எப்போதும் அவர் இடுப்பில்தான் இருக்கும்.

ஒருநாள் எனக்குப் பொறுக்கவில்லை. "ஏனுங்க, நான் சமைச்சா ஆகாதுங்களா?" என்று கேட்டேன். நங்கையா கோபித்துக்கொள்ளவில்லை. "ஆகாம என்ன. நீ இந்த ஊட்டு மருமவ, சமைக்காட்டியும் உனக்குச் சோறு உண்டு. எனக்கு அப்படியா? சும்மா உக்காந்து திங்கற சோறு தொண்டைக்குள்ள எறங்காது அம்மிணி" என்றார்.

எனக்கு எரிச்சல் மூட்டியது இன்னொன்று. ராத்திரிச் சாப்பாட்டுக்கு ரசம் கொதித்து இறக்கும்போது நங்கையா மூடியை எடுத்து ணங்கென்று பக்கத்தில் வைப்பார். வைத்துவிட்டு முன்னறையைப் பார்த்து, "வாசம் வருதா?" என்பார். அங்கே கால் நீட்டி உட்கார்ந்திருக்கும் என் வீட்டுக்காரர், தலையைக்கூடத் திருப்பாமல், "தெருமொனை வரைக்கும் வருதுங்கக்கா" என்பார். தினமும் இதே கேள்வி, இதே பதில். எப்போதாவது நங்கையா காய்ச்சலில் படுத்து நான் சமைத்தால் ஒரு 'ம்' கூட வராது. அக்காளும் தம்பியும் சேர்ந்து என்னைத்தான் குத்துகிறார்கள் என்று வயிறு எரியும்.

கேஸ் அடுப்பு வேண்டும் என்று நச்சரித்தது நான்தான். எழுபதுகளின் தொடக்கம் அது. எங்கள் தெருவில் இரண்டொரு வீட்டில்தான் கேஸ் இருந்தது. பெயரை எழுதி வைத்துவிட்டுக் காத்துக் கிடந்தோம். ஒருவழியாக சிலிண்டர் வந்தபோது தெருப் பெண்கள் தேர் பார்க்கிற மாதிரி எட்டிப் பார்த்தார்கள். எனக்குப் பெருமை பிடிபடவில்லை.

மாட்ட வந்தவர் பொறுமையான மனிதர். ரெகுலேட்டரை எப்படித் திருகுவது, எப்படிக் கழற்றுவது என்று காட்டினார். குழாயில் சோப்பு நுரையைத் தடவி, குமிழி வராததைக் காட்டினார். முதலில் தீக்குச்சியைக் கிழித்துக்கொண்டு பிறகுதான் குமிழைத் திருப்ப வேண்டும் என்றார். வேலை முடிந்ததும் சிலிண்டரையே மூடிவிட வேண்டும் என்றார். பிறகு குமிழை லேசாகத் திறந்து எங்கள் இருவரையும் பக்கத்தில் கூப்பிட்டார். "நல்லா மோந்து பாத்துக்குங்கம்மா. இந்த நாத்தம் வந்தா நெருப்புப் பத்த வெக்கக் கூடாது, லைட்டு சுச்சையும் தொடக் கூடாது. கதவு சன்னலத் தொறந்து போட்டுட்டு வெளிய வந்துரணும். இந்த நாத்தந்தான் உங்களுக்குக் காவல்" என்றார்.

அழுகிய முட்டைக்கோஸ் மாதிரி குப்பென்று வந்தது. நான் முந்தானையால் மூக்கைப் பொத்தினேன். நங்கையா என் முகத்தைப் பார்த்தார், பிறகு அவரும் பொத்தினார். கதவோரம் நின்ற என் வீட்டுக்காரர், "சரி சரி, மூடுங்க" என்றார்.

சில மாதங்கள் ஒரு குறையும் இல்லை. கரி பிடிக்காத பாத்திரத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்து நங்கையா சந்தோஷப்பட்டார். ஒரு வெள்ளிக்கிழமை நான் கோயிலுக்குப் போய்விட்டுத் திரும்பினேன். வாசற்படியிலேயே அந்த நாற்றம் முகத்தில் அடித்தது. உள்ளே ஓடினேன். பால் பொங்கி வழிந்து அடுப்பு அணைந்திருந்தது. கேஸ் மட்டும் வந்துகொண்டிருந்தது. நங்கையா அடுப்புக்கு முதுகு காட்டி உட்கார்ந்து நிம்மதியாகக் கீரை ஆய்ந்து முடித்து, முருகன் படத்துக்கு விளக்கேற்ற எழுந்து இடுப்பிலிருந்து தீப்பெட்டியை எடுத்துக்கொண்டிருந்தார்.

நான் கையைத் தட்டிவிட்ட வேகத்தில் தீக்குச்சிகள் தரையெல்லாம் சிதறின. குமிழை மூடினேன், சிலிண்டரை மூடினேன், சன்னலைத் திறந்தேன், நங்கையாவைக் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு புறக்கடைக்கு வந்தேன். பயம் வாயில் கோபமாக வந்தது. "மூக்கு என்னாச்சுங்க உங்களுக்கு? தெருவே நாறுது, நீங்க பாட்டுக்கு வெளக்குப் பத்த வெக்கறீங்க."

நங்கையா துவைக்கிற கல்லின்மேல் உட்கார்ந்தார்.

"எனக்கு ஒரு வாசமும் தெரியாது அம்மிணி. தொட்டியில நிக்கையில போனது. மொதல்ல பூ வாசம் போச்சு. சளி புடிச்சிருக்குன்னு நெனச்சேன். அப்பறம் எல்லாமே போச்சு."

"அப்பறம் எப்படிங்க சமைக்கறீங்க?"

"பருப்பு நெறத்துல தெரியும். கடுகு சத்தத்துல தெரியும். ரசம் நொரை கட்டறதுல தெரியும். இத்தன வருசமா ஆரும் கொறை சொன்னதில்ல." பிறகு என் கையைப் பிடித்துக்கொண்டார். தொட்டி மருந்தில் ஊறிப் பழுத்த, வரிவரியாக வெடித்த கை. "தம்பிகிட்டச் சொல்லிராத சாமி. அடுப்படியும் போச்சுன்னா நான் எதுக்கு இந்த ஊட்டுல?"

என்னை விட மூத்தவர் என்னை சாமி என்கிறார். வந்த நாளிலிருந்து கறுவிக்கொண்டிருந்ததெல்லாம் எனக்கே அசிங்கமாகப் போயிற்று. நக்கலும் இல்லை, ஒன்றும் இல்லை. மூக்கு எரிகிற வீடு என்பதே அவருக்குத் தெரிந்திருக்கவில்லை.

அன்றிலிருந்து நாங்களே ஓர் ஏற்பாடு செய்துகொண்டோம். அடுப்பு பற்ற வைக்கும் முன் நங்கையா, "மோந்து பாரு அம்மிணி" என்பார். நான் சிலிண்டர் பக்கம் குனிந்து முகர்ந்துவிட்டு, "ஒண்ணுமில்லீங்க" என்பேன். அதன் பிறகுதான் குச்சி கிழிப்பார். அடுப்பு எரிகிற நேரமெல்லாம் நான் அடுப்படியிலேயே இருப்பேன். கல்யாணமாகி வந்து அந்த வீட்டில் நான் சந்தோஷமாக இருந்தது அந்த நாட்களில்தான். சும்மா கதை பேசிக்கொண்டு கத்தரிக்காய் நறுக்குவோம். காப்பி வாசம் எப்படி இருக்கும், மறந்துபோச்சு, சொல்லு என்று கேட்பார். எனக்குச் சொல்லத் தெரியாது. வாசத்தை எப்படிச் சொல்வது.

பிறகு நான் உண்டானேன். மசக்கையில் எதை முகர்ந்தாலும் குமட்டியது. பிரசவத்துக்குத் தாராபுரம் போக வேண்டும், போனால் மாதக்கணக்கில் திரும்ப முடியாது. அதுவரை முகர்ந்து சொல்ல யார் இருக்கிறார்கள்? நினைத்து நினைத்துத் தூக்கம் போயிற்று. கடைசியில் என் வீட்டுக்காரரிடம் சொன்னேன். சொன்னது தப்பென்று இன்றைக்கும் நான் நினைக்கவில்லை. உயிர் போன பிறகு யாருடைய மானத்தைக் கட்டிக் காப்பாற்றுவது? பக்குவமாக எடுத்துச் சொல்வார், வேறு அடுப்பு வைத்துத் தருவார் என்று நம்பினேன்.

அவர் நேராக அடுப்படிக்குப் போனார். "மூக்குச் செத்தவங்களுக்குக் கேஸ் அடுப்புகிட்ட என்ன வேலை? ஊட்டையே கொளுத்திப்போட்டுத்தான் அடங்குவீங்களா?" என்றார். வளர்த்த அக்காவிடம் பேசுகிற பேச்சா அது? நங்கையா தம்பியின் முகத்தையே பார்த்தார். அழுவார், இல்லாவிட்டால் நான்கு வார்த்தை திட்டுவார் என்று காத்திருந்தேன். அவரோ இடுப்பிலிருந்த தீப்பெட்டியை எடுத்து அடுப்பு மேடைமேல் வைத்தார். "சரி சாமி" என்று சொல்லிவிட்டு முன்னறையில் போய்ச் சுவரில் சாய்ந்து உட்கார்ந்தார். என் பக்கம் திரும்பவே இல்லை.

அப்புறம் நான்தான் சமைத்தேன். நங்கையா தட்டில் போட்டதைத் தின்றார், பாதியைத் தின்றார், பிறகு அதிலும் பாதி. பக்கத்துப் பனியன் கம்பெனியில் துணி மடிக்கிற வேலை கேட்கப் போனார். ஊரில் என்ன பேசுவார்கள் என்று தம்பி அதையும் தடுத்துவிட்டார். ராத்திரி ரசம் இறக்கும்போது யாரும் எதுவும் கேட்பதில்லை. மூடியைச் சத்தமில்லாமல் எடுத்து வைக்கப் பழகிக்கொண்டேன்.

தாராபுரத்துக்குப் புறப்பட்ட அன்று, பெட்டியெல்லாம் கட்டி வைத்த பிறகு, நங்கையா என்னைப் புறக்கடைக்குக் கூப்பிட்டார். அதற்கு முன் வாரக்கணக்கில் என்னிடம் சரியாகப் பேசியதே இல்லை.

"போறதுக்கு முன்னால சிலிண்டர மூடி, அந்த ரெகுலேட்டரக் கழட்டி எங்கியாச்சும் ஒளிச்சு வெச்சிரு அம்மிணி."

"ஏனுங்க? நீங்கதான் இப்ப அடுப்புகிட்டப் போறதில்லையே."

"எனக்கில்ல. தம்பி காப்பி போடறேன்னு பத்த வெப்பான். அவனுக்கும் மூக்கு இல்ல."

"அவருக்குமாங்க?" என்றேன்.

"எனக்கு முந்தியே போயிருச்சு அவனுக்கு. பள்ளிக்கூடம் போற பையன, ஒத்தக் கூலி பத்தாதுன்னு நாந்தான தொட்டிக்குக் கூட்டிட்டுப் போனேன்? ஒரு நா கருவாடு கருகிப் பொகையுது, அது முன்னாலயே உக்காந்திருக்கறான், ஒண்ணும் தெரியல. அன்னிக்குக் கண்டுக்கிட்டேன். எனக்குத் தெரியும்னு அவனுக்குத் தெரியாது."

"அப்ப தெனமும் ரச வாசம் வருதான்னு கேட்டீங்களே?"

"கேட்டா, வருதுங்கக்கான்னு சொல்லுவானில்ல. அந்தச் சொல்லு போதும்னுதான் கேட்டேன்."

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "அன்னைக்கு அவரு அந்தப் பேச்சுப் பேசுனாரே, அப்பவே உனக்கும் இல்லேன்னு மூஞ்சிக்கு நேரா சொல்லியிருக்கலாமில்லீங்க?"

"பொண்டாட்டி முன்னால எப்படி அம்மிணி சொல்லறது?" என்றார் நங்கையா.

ரெகுலேட்டரைக் கழற்றினேன். ஒளித்து வைக்க எனக்கு நம்பிக்கை வரவில்லை. சேலைக்கு நடுவில் சுற்றித் தாராபுரத்துக்கே எடுத்துப் போய்விட்டேன். பிள்ளை பிறந்து பார்க்க வந்தபோது என் வீட்டுக்காரர், "ரெகுலேட்டரக் காணமே" என்றார். "பத்திரமா எங்கிட்ட இருக்குதுங்க" என்றேன். அவர் என்னைப் பார்த்தார். ஏன் என்று கேட்கவில்லை. தொட்டிலில் கிடந்த பிள்ளையின் காலைத் தொட்டுவிட்டுப் போனார்.

நங்கையா புறக்கடையில் மூன்று செங்கல்லைக் கூட்டி, விறகு வைத்துத் தம்பிக்குச் சமைத்துப் போடுகிறார் என்று அங்கிருந்து வந்த உறவுக்காரர்கள் சொன்னார்கள். மூடி வைக்கிற சத்தமும் கேள்வியும் பதிலும் திரும்பவும் தெருவுக்குக் கேட்கிறதாம். நான் ஊரில் இல்லாத அந்த மூன்று மாதமாவது அவருக்குக் கிடைத்தது. தொட்டிக்காற்று நெஞ்சிலும் தங்கியிருந்திருக்கிறது. மார்கழிக் குளிரில் இருமலாகப் படுத்தவர் எழுந்திருக்கவில்லை. கைப்பிள்ளையோடு நான் வந்து இறங்கியபோது நங்கையாவை வாசலில் கிடத்தியிருந்தார்கள்.

ஆண்கள் பந்தலில் உட்கார்ந்திருந்தார்கள். என் வீட்டுக்காரர் தோளில் துண்டோடு எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருந்தார்: "எங்கக்கா ரசம் வெச்சா வாசம் தெருமொனை வரைக்கும் வருமுங்க." உள்ளே பெண்களோடு உட்கார்ந்திருந்த எனக்கு ரத்தம் கொதித்தது. எந்த வாசம், நீங்கள் என்றைக்கு அதைக் கண்டீர்கள் என்று அத்தனை பேர் முன்னாலும் கேட்டுவிட எழுந்தேன். 'பொண்டாட்டி முன்னால எப்படி' என்று நங்கையா சொன்னது நினைவுக்கு வந்து மறுபடி உட்கார்ந்தேன்.

காரியமெல்லாம் முடிந்து உறவுக்காரர்கள் போன பிறகு, ரெகுலேட்டரை மாட்டிச் சோப்பு நுரை தடவிப் பார்த்தேன். முகர்ந்தேன். ஒன்றுமில்லை என்று சொல்லக்கூட ஆளில்லை. தீப்பெட்டி புறக்கடையில், அந்தச் செங்கல் அடுப்போரம் இருந்தது. சோறு வடித்து ரசம் வைத்தேன். இறக்கும்போது ஒரு கையில் பிள்ளை இருந்ததால் மூடி நழுவி ணங்கென்று மேடைமேல் விழுந்தது. நான் ஒன்றும் கேட்கவில்லை.

முன்னறையிலிருந்து அவர் குரல் வந்தது. "வருதுங்கக்கா."

எட்டிப் பார்த்தேன். சுவரைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார். அவர் மேல் எனக்கிருந்த கோபம் அன்றைக்கும் தீரவில்லை. அடுப்பை அணைத்தேன், சிலிண்டரை மூடினேன், அவருக்குத் தட்டு வைத்தேன்.