பெரியப்பா வாசலில் வண்ணத்துப்பூச்சிகள்

எருவுக்கு விதைத்த சணப்பைச் செடிகளை, வலசை போகும் வண்ணத்துப்பூச்சிகள் வந்து இறங்கும்வரை எங்கள் ஊரில் மடக்கி உழ மாட்டோம். அவை இறங்கும் நாளில் நாங்கள் பொங்கல் வைப்போம். உத்திரமேரூர் கடைத்தெரு பாய் குடும்பம் சர்பத் கொண்டுவரும்.

எமர்ஜென்சி முடிந்த வருஷம், "பாய் வூட்டு சர்பத்துக்கு இன்னாடி திருவிழா?" என்று பெரியப்பா எங்கள் செடிகளையெல்லாம் பிடுங்கிப் போட்டார். வாடிய சணப்பையில்தான் அந்தப் பூச்சிகள் இன்னும் அதிகமாய் மொய்க்கும் என்பது அந்த மனுஷனுக்குத் தெரியாது. அத்தனையையும் வண்டியில் ஏற்றி அவர் வீட்டு வாசலிலேயே கொட்டினேன்.

இரண்டே நாளில் வாசல் முழுக்கப் பூச்சி. ஊரே அங்கே திரண்டது. பாய் வீட்டார் சர்பத் அண்டாவைப் பெரியப்பா வீட்டுப் படியிலேயே இறக்கினார்கள். வெளியே வர வழியில்லாமல் நின்றவரிடம் முதல் டம்ளரை நான்தான் நீட்டினேன்.

"குடி பெரியப்பா. இந்த வருஷம் திருவிழா உன் வூட்லதான்."