தூசுக்குச் சட்டை தைத்தவன்

தச்சன் மூக்கைத் துடைத்த துணியைப் பார்த்தாலே அன்றைக்கு அவன் எந்த மரம் அறுத்தான் என்று சொல்லிவிடலாம். மஞ்சளாக இருந்தால் பலா, செங்கல் நிறமென்றால் மஹோகனி, துடைக்கவும் நேரமில்லாமல் தும்மிக்கொண்டிருந்தால் முதிரை. இதே பிழைப்பில் கிடந்து இருமுகிற உங்களுக்கு இதை நான் விளக்க வேண்டியதில்லை. வீட்டோடு பட்டறை வைத்திருக்கிறவர்களுக்கு மட்டும் சில சங்கதிகளைச் சொல்லிவைக்கிறேன். கேட்டு நடப்பீர்கள் என்ற நம்பிக்கை எனக்கில்லை. எனக்குச் சொன்னவர்கள் பேச்சை நான் கேட்டேனா?

தடுப்புக்கு அந்தப் பக்கம் அடுப்படி

தோட்டத்துப் பேக்டரியில் தேயிலைப் பெட்டி அடித்துக்கொண்டிருந்தவன் நான். அதை விட்டுவிட்டு மாத்தளை டவுன் ஓரத்தில் ஒரு வாடகை வீடு பிடித்து, பின்புறம் தகரக் கொட்டகை இறக்கி, கரண்டில் ஓடும் வட்ட வாள் ஒன்றை வைத்தேன். கொட்டகைக்கும் அடுப்படிக்கும் நடுவில் ஒரு பலகைத் தடுப்புதான். வாள் ஓடினால் சோற்றுப் பானையில் மரத்தூள். என் மனைவி பாக்கியம் வாய் திறக்கமாட்டாள். தூளை ஒதுக்கிவிட்டுச் சோறு போடுவாள்.

இரண்டாம் வருஷம் அவளுக்கு இழுப்பு வந்தது. படுத்தால் நெஞ்சுக்குள் விசில் அடிக்கும். ஒரு குடம் தண்ணீர் தூக்கினால் அப்படியே படியில் உட்கார்ந்துவிடுவாள். டிஸ்பென்சரிக்குக் கூட்டிப்போனேன். அங்கிருந்த அப்போதிக்கரி ஐயா அவள் முதுகில் குழாயை வைத்துக் கேட்டார். என் புருவத்தில் ஒட்டியிருந்த தூளையும் ஒரு பார்வை பார்த்தார். வேறு இடம் எடுக்க வழியில்லை, பட்டறையை மூடினால் அடுப்பும் எரியாது என்று நான் என் பாட்டைப் பாடினேன். அவர் மருந்தைக் கலக்கிக்கொண்டே சொன்னார்: "மருந்து நான் குடுப்பேன். தூச யாரு நிப்பாட்டுறது?"

பேக்டரியில் பார்த்த மாதிரியே

அந்தக் கேள்வி சுருக்கென்று தைத்தது. பழைய பேக்டரிக்குப் போனேன். கொழுந்து வாட வைக்கிற மாடியில் ஓடி, கழித்துப் போட்ட காற்றாடி ஒன்று மூலையில் கிடந்தது. கையைக் காலைப் பிடித்து அதை வாங்கி வந்தேன். என் ஏற்பாடு இதுதான்: வாளுக்குக் கீழே ஒரு தகரக் குழாய், அதன் மறுமுனையில் காற்றாடி. காற்றாடி தூளை இழுத்து ஒரு பலகைப் பெட்டிக்குள் தள்ளும். பெட்டியில் தொங்குகிற துணிப் பைகள் வழியாகக் காற்று மட்டும் வெளியே போகும், தூள் உள்ளே தங்கும். பாக்கியம் இனிமேல் நிம்மதியாக மூச்சு விடலாம்.

பேக்டரியில் மோட்டாரிலிருந்து அந்தக் காற்றாடிக்கு வரும் பட்டியை எட்டுப் போட்ட மாதிரி குறுக்கே மாட்டியிருப்பார்கள். பதினோரு வருஷம் பார்த்த கண். நானும் அப்படியே மாட்டினேன். அங்கே மோட்டார் சுற்றுகிற பக்கம் வேறு, இங்கே வேறு என்பது மூளைக்கு எட்டவில்லை. காற்றாடி எதிர்ப்பக்கமாகச் சுற்றி, உறிஞ்ச வேண்டிய குழாய் ஊதத் தொடங்கியது. வாளுக்கடியில் கிடந்த ஒரு வாரத் தூளும் வாசலை நோக்கிப் பறந்தது. வாசலில் நின்றவர் பலசரக்குக் கடை ஹனிபா நானா. ஜும்ஆத் தொழுகை முடிந்து, வெள்ளைச் சாரமும் வெள்ளைத் தொப்பியுமாக, தச்சுப் பாஸைத் தேடி, கடையில் சாமான் அடுக்க ராக்கை செய்யச் சொல்லி வந்தவர். நான் ஓடிப்போய் மோட்டாரை நிறுத்தினேன். அவர் தொப்பியைக் கழற்றித் தட்டிவிட்டு, தாடியையும் தட்டிவிட்டு, பொறுமையாகச் சொன்னார்: "நான் ராக்கதான் கேட்டது பாஸ். தூள் கேக்கல்லயே."

என்ன துணி

பட்டியை நேராக்கியதும் காற்றாடி ஒழுங்காக இழுத்தது. அடுத்த தலைவலி பைக்கு என்ன துணி என்பது. முதலில் கோணிச் சாக்கு கட்டினேன். பருந்தூள் நின்றது, நெஞ்சைப் பிடிக்கிற மாவுத்தூள் மட்டும் தாராளமாக வெளியே வந்தது. அன்றைக்குப் பாக்கியம் விடிய விடிய உட்கார்ந்தே இருந்தாள். நெருக்கமான துணிதான் வேண்டும் என்று புரிந்தது. கூப்பன் கடையில் ஒரு முழத் துணிக்கு ஊரே வரிசையில் நின்ற காலம் அது. பேக்கரிக்காரரிடம் வெற்று மாப்பைகள், கோதுமை மா வருகிற வெள்ளைத் துணிப் பைகள், கேட்டுவைத்தேன்.

எடுக்கப் போனால் பேக்கரி வாசலில் நாலைந்து பெண்கள். அவர்களும் மாப்பைக்குத்தான் வந்திருந்தார்கள், பிள்ளைகளுக்குக் கவுனும் உள்பாவாடையும் தைக்க. முன்கூட்டிச் சொல்லிவைத்ததால் பன்னிரண்டு பையும் எனக்கு வந்தது. கூச்சமாகத்தான் இருந்தது. வீட்டில் ஒருத்தி மூச்சுக்குத் திண்டாடுகிறாள் என்று சொல்லியிருக்கலாம். அதைச் சொல்லாமல், பெரிய விஞ்ஞானி மாதிரி, மரத்தூளை வடிகட்டப் பை தைக்கப்போகிறேன் என்றேன். தோட்டத்திலிருந்து நடந்து வந்த அம்மா ஒருத்தி என்னைக் காலிலிருந்து தலை வரைக்கும் பார்த்துவிட்டுப் பக்கத்திலிருந்தவளிடம் சொன்னாள்: "நமக்கு உடுத்தத் துணியக் காணோம், இவரு தூசுக்குச் சட்டை தைக்கிறாராம்."

சுத்தம் செய்த கெடுதல்

மாப்பைகளைப் பிரித்து, இரட்டையாக மடித்து, பாக்கியமே கையால் ஆறு பை தைத்தாள். மாட்டி ஓட்டினேன். கூரைத் தகரத்து ஓட்டை வழியாக விழுகிற வெயிலில் ஒரு பொட்டுத் தூசு மிதக்கவில்லை. பாக்கியம் கொட்டகை நடுவில் வந்து நின்று மூச்சை இழுத்துப் பார்த்துச் சிரித்தாள். அந்தச் சிரிப்புக்காக இன்னும் பத்துக் காற்றாடி சுமக்கலாம் என்று இருந்தது.

அடுத்த வாரம் தம்புள்ளையிலிருந்து ஒரு லொறி முதலாளி வந்தார். மகளின் கலியாணத்துக்குக் கட்டிலும் அலுமாரியும் வேண்டுமாம். பலகையைப் பார்க்கவில்லை, செய்து வைத்திருந்த நாற்காலியைப் பார்க்கவில்லை. தரையைப் பார்த்தார், கூரையைப் பார்த்தார், மூக்கை உறிஞ்சிப் பார்த்தார். பிறகு அந்த வேலையைக் கொண்டுபோய், முழங்கால் வரை தூள் கிடக்கிற இன்னொரு பட்டறையில் கொடுத்தார். போகும்போது என்மேல் இரக்கப்பட்டுக் கேட்டது இது: "இவ்வளவு சுத்தமா கெடக்கே பாஸ், வேல வெட்டி ஒண்ணும் வாறதில்லயா?"

ஐயா மெச்சினார்

வேலை போனால் போகட்டும், அவளுக்குச் சுகமானால் போதும் என்றிருந்தேன். ஆகவில்லை. முதல் வாரம் குறைந்த இழுப்பு, மறு மாதம் முன்னைவிட மோசமாகத் திரும்பி வந்தது. நான் பனியைத் திட்டினேன், விறகுப் புகையைத் திட்டினேன், அவள் மிளகாய் இடிப்பதைத் திட்டினேன். துணியில்தான் குறை என்று இன்னும் நெருக்கமான துணி தேடிப் போட்டேன். அந்த மாதம் முழுக்க முதிரை வேலை.

சிறுகைத்தொழில்களைப் பார்வையிடுகிற அரசாங்க உத்தியோகத்தர், ஒரு சிங்கள ஐயா, அப்போது கேள்விப்பட்டு வந்தார். நல்ல மனிதர், தமிழும் கொஞ்சம் பேசுவார். குழாயைத் தட்டினார், பையைத் தொட்டார், வெள்ளைக் கைக்குட்டையால் வாள் மேசையைத் துடைத்துப் பார்த்தார். கைக்குட்டை வெள்ளையாகவே இருந்தது. நான் மார்பை நிமிர்த்திக்கொண்டு நின்றேன். தடுப்புக்கு அந்தப் பக்கம் பாக்கியம் இருமத் தொடங்கினாள், நிறுத்த முடியவில்லை. அவர் கைக்குட்டையை மடித்துக்கொண்டே சொன்னார்: "ஹரி ஹொந்தாய் பாஸ், மிச்சம் நல்ல வேலை. வீட்டில ஆளுக்குத்தான் சளி, தடிமன் போல."

டாக்டரின் கேள்வி

இப்படியே ஒரு வருஷம் ஓடியது. ஒரு காலையில் அவள் உதடு நீலமாகிவிட்டது. வாடகைக் காரில் போட்டு ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனேன். யாழ்ப்பாணத்திலிருந்து மாற்றலாகி வந்த இளம் டாக்டர். வீட்டில் தூசு உண்டா என்று கேட்டார். நான் அதற்காகவே காத்திருந்தவன் மாதிரி, துண்டுக் காகிதத்தில் படம் வரைந்து காட்டினேன். வாள், குழாய், காற்றாடி, பெட்டி, ஆறு பை. கொட்டகையில் தூசு என்ற பேச்சுக்கே இடமில்லை என்று அடித்துச் சொன்னேன். அவர் படத்தை நன்றாகப் பார்த்தார். பேனா முனையை அந்த ஆறு பைகளின் மேல் வைத்தார். "எல்லாம் சரி. இந்தப் பையள் நிரம்பினா ஆர் கழட்டி உதறுறது?"

உதறுவது

இவ்வளவு எழுதினேனே, அதை எங்கேயாவது எழுதினேனா? இப்போதும் தோன்றவில்லை பாருங்கள், அப்போதும் அப்படித்தான். தினமும் வாளை நிறுத்தியதும் நான் தேத்தண்ணிக் கோப்பையோடு உட்காருவேன். துணி சம்பந்தப்பட்டது என்றால் அது வீட்டுப் பெண்ணின் வேலை. அவளும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை, தானாக அவள் கைக்குப் போய்விட்டது. ஆறு பையையும் கிணற்றடிக்குக் கொண்டுபோய், ஒவ்வொன்றாக உள்பக்கத்தைப் புரட்டி, கையால் அடித்து உதறுவாள். நாள் முழுக்கக் கொட்டகையில் பரவியிருக்க வேண்டிய தூசு பத்து நிமிஷத்தில் அவள் முகத்துக்கு நேரே. துணி நெருக்கமாக நெருக்கமாக அவளுக்கு இன்னும் நைசான தூள். நான் உட்கார்ந்த இடத்திலிருந்தே குரல் கொடுப்பேன், நன்றாக உதறு, அடைத்தால் காற்று இழுக்காது என்று. என்னைச் செருப்பால் அடிக்க வேண்டும்.

அன்றைக்கு வீட்டுக்கு வந்து பைகளைக் கழற்றி நானே உதறினேன். மூன்றாவது பைக்குமேல் முடியவில்லை, நெஞ்சைப் பிடித்துக்கொண்டு கிணற்றடியில் உட்கார்ந்தேன். மறுநாள் வார்டுக்குப் போனேன். அவள் தலையணை மூன்று வைத்துச் சாய்ந்திருந்தாள். அந்த நெஞ்சு அதற்குப் பிறகு குணமாகவே இல்லை. மன்னிப்புக் கேட்க வேண்டும் என்று வழியெல்லாம் நினைத்துப் போனவன், வாயைத் திறந்ததும் இருமினேன். அவள் என் சட்டைக் கையில் இருந்த தூளைப் பார்த்துவிட்டு, ஒவ்வொரு வார்த்தைக்கும் மூச்சு வாங்கிச் சொன்னாள்: "மொகத்தக் கட்டிக்கிட்டு உதறுங்க. அந்தத் தூசு ஒங்களுக்கு ஆகாது."

கொட்டகையில் இருந்த தூசையெல்லாம் ஒரு பொட்டுக்கூடச் சிந்தாமல் ஒன்றுசேர்த்து என் பெண்டாட்டி கையில் கொடுக்க, நண்பர்களே, எனக்கு முழுசாக ஒன்றரை வருஷ உழைப்பு பிடித்தது.