கஞ்சி குடிக்க டீச்சர் கொடுத்த நேரம்

செம்பாக்கத்தில் எங்கள் காலனி சங்க ஹாலுக்கு ஆஸ்பெஸ்டாஸ் கூரை. சாயங்காலம் ஆனாலும் சூடு இறங்காது. அந்தச் சூட்டில் ரெக்சின் செஸ் போர்டுகளிலிருந்து ஒரு வாசம் கிளம்பும்... செருப்புக் கடைக்குள் நுழைந்த மாதிரி.

எனக்கு அந்த வாசம் பிடிக்கும்.

அப்போதுதான் கீழ்க்கட்டளையில் ஹார்டுவேர் கடை போட்டிருந்தேன். ஆணி, தாழ்ப்பாள், பெயின்ட், பைப். பத்தாவதோடு படிப்பை விட்டவன் நான். ஞாயிறு மாலை மட்டும் கடையைத் தம்பியிடம் ஒப்படைத்துவிட்டு செஸ் கிளப்புக்கு ஓடிவிடுவேன். அங்கே வருகிறவர்கள் பேங்க், ஸ்கூல், ரயில்வே என்று சம்பளக்காரர்கள். வாரம் முழுக்கக் கவுன்டருக்கு அந்தப் பக்கம் நின்று என்னிடம் பேரம் பேசுகிறவர்கள், ஞாயிற்றுக்கிழமை எனக்கு எதிரே சரிசமமாக உட்காருவார்கள். உண்மையைச் சொன்னால் அதற்காகத்தான் போனேன்.

அந்த வருஷம் கிளப் டோர்னமென்ட் ரமலானில் வந்தது. தாம்பரத்தில் நடக்கப்போகும் மேட்சுக்கு நாலு பேர் டீம். மூன்று பேர் முடிவாகிவிட்டார்கள். மிச்சம் ஒரே இடம்... அதற்கு நானும் விஜயா டீச்சரும் மோத வேண்டும்.

டீச்சர், கணக்கு டீச்சர். மூக்குக் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றினால் எதிராளிக்கு ஆபத்து என்று அர்த்தம்.

அந்தக் காலத்து செஸ் கடிகாரத்தைப் பார்த்திராதவர்களுக்காகச் சொல்கிறேன். ஒரே பெட்டியில் இரண்டு கடிகாரம். காயை நகர்த்திவிட்டுத் தலையில் உள்ள பட்டனை அமுக்கினால் நம் கடிகாரம் நிற்கும், எதிராளியுடையது ஓடும். நேரம் தீர்ந்தால் ஒரு குட்டிச் சிவப்புக் கொடி விழும், அவர் தோற்றதாகக் கணக்கு. ஆனால் விழுந்ததை எதிராளிதான் வாய் திறந்து சொல்ல வேண்டும். நடுவர் சொல்லக் கூடாது. எங்கள் கிளப் விதி அது.

ஆட்டம் பாதியில் இருக்கும்போது நோன்பு திறக்கும் நேரம் வந்துவிடும் என்று தெரியும். நடுவர் தாமஸ் சாரிடம் முன்கூட்டியே கேட்டேன்.

"நடுவுல கிளாக்க நிறுத்த முடியாது பாய். உங்களுக்கு நிறுத்தினா எல்லாருக்கும் நிறுத்தணும்."

நியாயம்தானே. சரி என்று உட்கார்ந்தேன்.

பாங்கு சத்தம் கேட்டபோது டீச்சரின் முறை. பிஷப்பை நகர்த்தி வைத்தார். பட்டனை அமுக்கவில்லை.

மறந்துவிட்டார் என்றே நினைத்தேன். "டீச்சர், கிளாக் அமுக்கல."

"தெரியும். போய்க் கஞ்சி குடிங்க பாய்."

"உங்க டைம் ஓடுது டீச்சர்..."

"என் டைம்தானே? நான் பாத்துக்கறேன். கஞ்சி ஆறிடப் போகுது."

வராந்தாவுக்கு வந்தேன். பேரீச்சம்பழம், வீட்டிலிருந்து தூக்கில் கொண்டுவந்த கஞ்சி. அங்கேயே துண்டை விரித்துத் தொழுதேன். திரும்பி வந்தபோது டீச்சர் கையைக் கட்டிக்கொண்டு அதே இடத்தில் உட்கார்ந்திருந்தார். நான் நாற்காலியை இழுத்துப் போட்ட பிறகுதான் பட்டனை அமுக்கினார்.

அதற்குப் பிறகு ஆட்டம் என் கையில் இல்லை. டீச்சரின் சிப்பாய் ஒன்று ராணியாகப் போகிற அவசரத்தில் இறங்கி வந்துகொண்டிருந்தது. என்னிடம் இருந்த ஒரே நம்பிக்கை அவருடைய கடிகாரம்.

முள் அவருடைய கொடியைத் தூக்கியது... கொடி விழுந்தது.

டீச்சர் பார்க்கவில்லை. கண்ணாடி நெற்றியில், கண் போர்டில். காயை நகர்த்திப் பட்டனையும் அமுக்கிவிட்டார். சுற்றி நின்றவர்கள் எல்லோரும் பார்த்துவிட்டார்கள். பேங்க் முரளி இருமினான். மறுபடி இருமினான். தாமஸ் சார் கூரையைப் பார்த்தார்.

ஒரே ஒரு வார்த்தை... டீமில் இடம் எனக்கு.

நான் யானையை நகர்த்திவிட்டு பட்டனை அமுக்கினேன்.

கொஞ்ச நேரத்தில் எனக்கு செக்மேட். கை கொடுத்தேன். அப்புறம்தான் டீச்சர் கண்ணாடியை இறக்கிக் கடிகாரத்தைப் பார்த்தார்.

"பாய், இது எப்போ விழுந்துச்சு?"

"எது டீச்சர்?"

"கொடி."

"நான் போர்டத்தானே பாத்துக்கினு இருந்தேன்."

"கடையில ஒரு ஆணி கொறஞ்சாலே கண்டுபுடிக்கிற ஆளு நீங்க!"

நான் தூக்கைக் கழுவ வேண்டும் என்று எழுந்துவிட்டேன். குழாயடி வரை முரளி துரத்திக்கொண்டே வந்தான்.

"இன்னா பாய், லூசா நீங்க? எடம் போச்சே!"

"அந்த டைம் அவங்க எனக்குக் குடுத்தது முரளி. அதையே அவங்களுக்கு எதிரா எப்படிப்பா எடுக்கறது?"

"இப்படி யாவாரம் பண்ணா கடை வெளங்கிடும்!"

மேட்ச் அன்று அரைநாள் கடையை அடைத்துவிட்டுத் தாம்பரம் போனேன். பார்வையாளர் பக்கம் உட்கார்ந்தேன். டீச்சர் தோற்றார். அதுவும் சுமாராக இல்லை, நன்றாகவே தோற்றார்.

வெளியே வந்து, "நீங்களே ஆடியிருக்கலாம் பாய்" என்றார்.

"நானும் அதத்தான் நெனச்சேன் டீச்சர்."

ரோடு என்றும் பார்க்காமல் அப்படிச் சிரித்தார். டீமில் மற்ற மூன்று பேரோடு என்னையும் சேர்த்து அவர் டீ வாங்கிக் கொடுத்தார். நோன்பு மாதம் முடிந்திருந்தது. நானும் குடித்தேன்.

டீச்சர் இப்போது நாவலூரில் மகனோடு அப்பார்ட்மென்ட்டில் இருக்கிறார். பெருநாள் அன்று போன் வரும். "பாய், கொடி எப்போ விழுந்துச்சு?" இன்னும் விடவில்லை. நானும் இன்னும் ஒத்துக்கொள்ளவில்லை.

போன ஞாயிறு ரொம்ப நாள் கழித்து கிளப் பக்கம் போனேன். கான்கிரீட் கூரை, ஏசி, வரிசையாக டிஜிட்டல் கடிகாரங்கள். எல்லாம் நல்ல சரக்கு. நானே கடைக்கு வாங்கிப் போடுவேன். நேரம் தீர்ந்தால் அதுவே கீச்சென்று கத்தி, ஹாலுக்கே சொல்லிவிடுகிறது.

பார்க்காத மாதிரி இருக்க, பாவம், யாருக்கும் வாய்ப்பே இல்லை.