பத்துக் குச்சிகளும் ஒரு காலி டப்பாவும்

ஏரிக்கரை நீரேற்று நிலையத்தில் இருபத்தாறு ஆண்டுகளாக மோட்டார் இயக்குபவர் அவர். நீரின் நலத்தை அறிய அவரிடம் ஒரு தனி முறை இருந்தது. கரையோரச் சேற்றில் பத்து மூங்கில் குச்சிகளை நட்டிருந்தார். நீருக்குள் வளரும் தட்டான் குஞ்சு, இறகு முளைக்கும் பருவத்தில் குச்சியின்மீது ஏறி, சட்டையை உரித்துவிட்டுப் பறந்துபோகும். அச்சட்டைகளைப் பொறுக்கி, ஆண்டுக்கொரு பிஸ்கட் டப்பாவில் சேர்த்துவைப்பார்.

“என் புடவையை ஒருநாள் மடிச்சு வெச்சதில்ல. பூச்சி கழட்டிப் போட்ட சட்டைய மட்டும் அடுக்கி வைக்கிறாரு மகராசன்!” என்பார் அவர் மனைவி.

சாயப்பட்டறையின் கழிவுக்குழாய் ஏரிக்குள் திறந்துவிடப்பட்ட பிறகு சட்டைகள் குறைந்தன. இவ்வாண்டு ஒன்றுகூட இல்லை. குழாயை அடைக்கக் கோரி அவரே மனு எழுதினார். படிப்பவருக்கு எளிதில் விளங்கட்டும் என்று முதல் வரியை இவ்வாறு அமைத்தார்: ‘தட்டான் இருந்தால் நல்ல நீர், இல்லையேல் கெட்ட நீர். இங்கே தட்டான் இல்லை.’

நான்கு மாதம் கழித்து அதிகாரி வந்தார். அதற்கு முந்தின நாள்தான் காற்றுத் திசைமாறி, எங்கிருந்தோ ஆயிரக்கணக்கான தட்டான்களைக் கொண்டுவந்து சேர்த்திருந்தது.

“என்ன பெரியவரே, தட்டானே இல்லன்னு எழுதியிருக்கீங்க? வாயத் திறந்தா உள்ள பூந்துடும் போலிருக்கு!”

“சார், இதெல்லாம் காத்தோட வந்த வழிப்போக்கருங்க. இங்க பொறந்ததில்ல. குச்சியப் பாருங்க, ஒரு சட்டை இருக்கா?” என்று இவ்வாண்டின் டப்பாவைத் திறந்து காட்டினார்.

“காலி டப்பாவ ஃபோட்டோ எடுத்தா ஆபீஸ்ல சிரிப்பாங்க.”

“அப்ப தண்ணிய எடுத்துச் சோதிங்க சார்.”

“மனுவுல அதக் கேக்கலையே! நீங்க சொன்ன கணக்குதானே இது?”

அதிகாரி கைபேசியை வானத்தை நோக்கி உயர்த்தினார். ‘மனுதாரரின் கூற்றுப்படியே ஏரி நலமாக உள்ளது’ என்று எழுதப்பட்ட தாளில் அவரிடமே கையொப்பமும் வாங்கினார்.

மறுநாள் காலை, தட்டான்கள் வாலை நீரில் தோய்த்துத் தோய்த்து முட்டையிட்டுக்கொண்டிருந்தன. அவர் முழங்காலளவு நீரில் இறங்கித் துண்டைச் சுழற்றினார்.

“இங்க வேணாம், போங்க! போங்கன்னு சொல்றேன்ல!”

மேலெழுந்தவை, துண்டு தாழ்ந்ததும் அதே இடத்தில் இறங்கின.

“எத்தனையத்தான் வெரட்டுவீங்க? கரையேறி வாங்க” என்றார் மனைவி.

அவர் துண்டை மறுகைக்கு மாற்றிக்கொண்டார்.